பந்தைப் பார்க்கவில்லை

உச்சிமாகாளி பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறான் என்பதை அவன் அப்பா சாகும்வரை நம்பவில்லை.

"மதுரை மில்லுல என்னமோ சொல்லக்கூடாத வேலை பாக்கான் போலுக்கு. வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, பந்து விளையாடுதேங்கான்" என்று கிடை போட்ட காடுகளில் எல்லாம் சொல்லி வந்தார். ஆடு மேய்க்கிற மனுசனுக்கு அது விளங்காததில் தப்பில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சம்பாதித்ததில்லை.

ஆனால் அதுதான் உண்மை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், அவனுடைய இருபத்தோரு வயதில், மதுரையில் ஒரு மில் அவனைத் தன் ஃபுட்பால் டீமுக்கு எடுத்துக்கொண்டது. மில் பதிவேட்டில் அவன் பஞ்சுப்பொதி கட்டும் பிரிவில் பதிலி ஆள், நிரந்தரமில்லாத வேலை. பொதியை அவன் தொட்டதே கிடையாது. விடிகாலையில் ஓட்டம், சாயங்காலம் ஆட்டம், நடுவில் மெஸ்ஸில் முட்டையோடு சாப்பாடு. ஷீல்டு மேட்ச் என்று திருச்சி, பெங்களூர், மெட்ராஸ் எல்லாம் ரயிலில் கூட்டிப் போனார்கள். கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடுதான் எல்லோரும் ஆடினார்கள். உச்சிமாகாளி பின்னால் நிற்கிற ஃபுல் பேக். ஆறடி உயரம், கருவேல மரத்தூர் மாதிரிக் கால். அவன் ஒருத்தனை மறித்துப் பந்தைப் பறித்தால் கூட்டத்தில் "கதவு சாத்தியாச்சு!" என்று கத்துவார்கள்.

அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். கருத்தப்பாண்டி.

கருத்தப்பாண்டிக்கு ஊர் ராயகிரி. படிக்கிறதற்காகச் சங்கரன்கோவிலில் தாய்மாமா வீட்டில் வந்து இருந்தவன். படித்தது கொஞ்சம்தான். வற்றிப்போன குளத்துக்குள் உச்சிமாகாளியோடு பந்து உதைத்ததுதான் அதிகம். குட்டையான, மெலிந்த உடம்பு. ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குப் புழுதிதான் தெரியும். வலது ஓரத்தில் ஓடுகிற ரைட் அவுட் அவன். ஓரத்துக் கோட்டைப் பார்த்துத் தோளைச் சாய்ப்பான், மறிக்கிறவன் அந்தப் பக்கம் போவான், இவன் வலது காலை ஊன்றி உள்ளே திரும்பிவிடுவான். ஆயிரம் தடவை பார்த்த உச்சிமாகாளியே ஏமாந்து போவான். ஏமாந்துவிட்டுச் சிரிப்பான்.

திருச்சியில் ஒரு கம்பெனி டீம் கருத்தப்பாண்டியை எடுத்தது. இரண்டு டீமும் மோதுகிற நாட்களில் மேட்ச்சுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தங்கச்சி பேச்சித்தாய்க்கு மாப்பிள்ளை பார்ப்பது, தனக்கு உறுதி பண்ணியிருக்கிற பெண், ஊரில் மழை உண்டா இல்லையா என்று கருத்தப்பாண்டி பேசிக்கொண்டே இருப்பான். பந்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

நாற்பத்தெட்டு, மாசி மாதம். மதுரையில் ஷீல்டு ஃபைனல். பாதி ஆட்டம் முடிந்தபோது திருச்சி டீம் இரண்டு கோல், மில் டீம் ஒன்று. இரண்டு கோலும் கருத்தப்பாண்டி போட்டது. இரண்டு தடவையும் உச்சிமாகாளியைத் தாண்டித்தான் போனான். இரண்டாவது தடவை, போகிற போக்கில், "என்னலே, தூங்குதியா?" என்று கேட்டுவிட்டும் போனான்.

இடைவேளையில் டீம் மானேஜர் சிவராமலிங்கம் உச்சிமாகாளியை மட்டும் கூடாரத்துக்குப் பின்னால் வரச் சொன்னார். தண்ணீர்ப் பானை வைத்திருந்த இடம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசத் தெரியாத மனுசர்.

"அந்த ரைட் அவுட் இனிமே ஓடக்கூடாது" என்றார்.

உச்சிமாகாளி பானையிலிருந்து தண்ணீர் மொண்டான்.

"ஊர்க்காரன், கூட்டாளிங்கிறதெல்லாம் எனக்கும் தெரியும். நீ அஞ்சு வருசமா பதிலியா இருக்கே. நாளைக்கு முட்டி தேஞ்சா உன்னை யாரு கேப்பா? ஷீல்டு மட்டும் வரட்டும், பெர்மனென்ட் ஆர்டரை நானே வாங்கித் தாரேன். யோசிச்சுக்கோ."

யோசிக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

மறுபாதியில் பத்துப் பன்னிரண்டு நிமிசம் போயிருக்கும். நடுவிலிருந்து வந்த பந்தை வாங்கிக்கொண்டு கருத்தப்பாண்டி ஓரத்தில் ஓடிவந்தான். தோள் கோட்டுப் பக்கம் சாய்ந்தது. உச்சிமாகாளி அந்தப் பக்கம் போகவில்லை. வலது கால் எந்த இடத்தில் ஊன்றும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் தன் முழு உடம்பையும் கொண்டுபோய்க் குறுக்கே போட்டான்.

பிறகு பல வருசம் அவன் இதைத் தனக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தான். மானேஜர் சொன்னதற்காகச் செய்தானா, இரண்டு தடவை ஏமாந்த ஆத்திரமா, எப்போதும் மறிக்கிற மாதிரி மறித்ததுதான் பிசகிப்போனதா? எதையும் அவனால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவன் பந்தைப் பார்க்கவில்லை.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கருத்தப்பாண்டியை அவனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மைதானத்துக்கு வெளியே ஜட்கா வண்டி வரை ஓடினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. உச்சிமாகாளி வாய்விட்டு அழுதான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கருத்தப்பாண்டிதான் அவனைத் தேற்றினான்.

"அழாதலே. தரையில பள்ளம் கெடந்துச்சு. காலு உள்ள போயிட்டு. நீ என்ன செய்வே?"

மூன்றுக்கு இரண்டு என்று மில் ஷீல்டு வாங்கியது. எட்டாம் நாள் உச்சிமாகாளிக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. புண் புரையோடிப்போய், ஒன்றரை மாதம் கழித்துக் கருத்தப்பாண்டியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உறுதி பண்ணியிருந்த பெண் வீட்டார் அடுத்த மாதமே ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திருச்சிக் கம்பெனி மூன்று மாதச் சம்பளமும் ஒரு மாலையும் போட்டு ரயிலேற்றி விட்டது.

மறு வருசம் உச்சிமாகாளி ராயகிரிக்குப் போய்ப் பேச்சித்தாயைப் பெண் கேட்டான். பைசா வேண்டாம், நகை வேண்டாம் என்றான். ஊரே அவனைப் புகழ்ந்தது. கூட்டாளிக்குக் கால் போனதும் அவன் குடும்பத்துக்குத் துணையாக வந்து நிற்கிறான் பார் என்றார்கள். கருத்தப்பாண்டி கட்டைக்கம்பை ஊன்றிக்கொண்டு கல்யாணப் பந்தலில் இங்குமங்கும் நடந்து பந்தி விசாரித்தான். "இனிமே உன்னை ஏலேன்னு கூப்பிடலாமா, மாப்ளேன்னு கூப்பிடணுமாலே?" என்று கேட்டுச் சிரித்தான். கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டான்.

உச்சிமாகாளியின் ஆட்டம் அதற்குப் பிறகு தேறவில்லை. எதிரே ஒருத்தன் ஓடிவந்தால் கடைசி நிமிசத்தில் அவன் கால் தானாகப் பின்வாங்கிவிடும். முதலில் கூட்டம் கவனிக்கவில்லை. மானேஜர் கவனித்துவிட்டார். "நீ காலை எடுத்துக்கிடுதே" என்றார் ஒரு நாள். ஐம்பதில் அவனை டீமிலிருந்து எடுத்து, நிசமாகவே பொதி கட்டப் போட்டார்கள். பெர்மனென்ட் ஆர்டர் இருந்ததால் வேலை போகவில்லை. பஞ்சுத்தூசி குடித்துக்கொண்டு ஒரு வருசம் இருந்து பார்த்தான். அந்த ஆர்டரால் வந்த சோறு தொண்டையில் இறங்கவில்லை. பேச்சித்தாய் மாசமாக இருந்தபோது வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

ஊரில் கருத்தப்பாண்டி அதற்குள் காலூன்றியிருந்தான். ஒற்றைக் காலோடுதான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். தகரக் கொட்டகையில் மேசை, கடிகாரம், நோட்டு, கழுத்தில் விசில். வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுத வேண்டும். நாலு நிமிசம் பிந்தினால் டிரைவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிடுவான். டிரைவர்கள் அவனுக்குப் பயப்படுவார்கள், அவனிடம்தான் பீடியும் கேட்பார்கள். மாப்பிள்ளை வேலையில்லாமல் வந்து நிற்பதைக் கண்டு, முதலாளி வீட்டுக்கு நாலு தடவை கம்பூன்றி நடந்து, உச்சிமாகாளிக்குத் தென்காசி வண்டியில் கண்டக்டர் வேலை வாங்கிக் கொடுத்தான்.

அதுமுதல் தினமும் புளியங்குடியில் ஏறுகிற எலுமிச்சை மூட்டைகளோடு உச்சிமாகாளி போய்வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கருத்தப்பாண்டி தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடுவான். பிறந்த பெண் குழந்தைக்குக் கோமதித்தாய் என்று பெயர் வைத்ததும் அவன்தான். மருமகள் அவன் மடியைவிட்டு இறங்க மாட்டாள். அவனுடைய வேட்டிக்குள் பாதியில் நின்றுபோகிற காலைத் தடவி, "மாமா, மிச்சக் கால் எங்க?" என்பாள். "ஒரு பள்ளத்துக்குள்ள விழுந்துட்டு தாயி. தேடிக்கிட்டே இருக்கேன்" என்பான். அந்த நேரங்களில் உச்சிமாகாளி கை கழுவப் போவதுபோல் எழுந்து போய்விடுவான்.

ஐம்பத்து நாலில், ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், ஊர் இளவட்டங்கள் ஒரு ஃபுட்பால் போட்டி நடத்தினார்கள். பரிசு கொடுக்கக் கருத்தப்பாண்டியை மேடையில் ஏற்றினார்கள். அவன் மைக்கைப் பிடித்தான்.

"எனக்குக் காலு போனதைப் பத்தி ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுதாங்க. சில பேரு என் மாப்பிள்ளையைக் கூடக் குத்தம் சொல்லுதாங்க. அவங்க வாயில மண்ணைப் போட! என்னை ஏந்திக்கிட்டு ஓடுனவன் அவன். எனக்காவ அழுதவன் அவன். அதுக்கப்புறம் ஒருத்தனைத் தொட்டு விளையாட மனசு வராமத்தான் அவன் ஆட்டமே போச்சு. அது உங்க யாருக்காச்சும் தெரியுமா? அப்படி ஒரு ஆட்டக்காரனைக் காட்டுங்க பாப்போம். ஏலே மாப்ளே, எந்திரிச்சு நில்லுலே!"

கூட்டம் கை தட்டியது. உச்சிமாகாளி எழுந்து நின்றான். கும்பிடப் போன கை பாதியிலேயே நின்றது.

மறுநாள் மத்தியானம் அவன் வண்டி தென்காசியிலிருந்து வந்து நின்றது. திரும்பிப் போக இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தகரக் கொட்டகைக்குள் அடுப்புபோலக் காய்ந்தது. கருத்தப்பாண்டி துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். வேறு ஆளில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மதுரையில அன்னைக்கு… ஹாஃப் டைம்ல மானேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு."

எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. ஆறு வருசம் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது. "நான் பந்தைப் பாக்கல மச்சான். உன் காலைத்தான் பாத்தேன்" என்று முடித்தான்.

துண்டு வீசுவது நின்றிருந்தது.

"எங்கன வச்சுச் சொன்னாரு?" என்று கேட்டான் கருத்தப்பாண்டி.

"கூடாரத்துக்குப் பொறத்தால. தண்ணிப் பானை பக்கத்துல."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"மாட்டேன்னு சொன்னியா?"

"இல்ல."

"ஆர்டர் எப்போ வந்துச்சு?"

"எட்டாம் நாள்."

"எட்டாம் நாள்…" அவன் கண் எங்கேயோ போனது. "அன்னைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தே."

உச்சிமாகாளி தலையைத் தொங்கப் போட்டான்.

ராஜபாளையம் வண்டி வந்து நின்றது. கருத்தப்பாண்டி கம்பை எடுத்து ஊன்றி எழுந்தான், விசில் ஊதினான், நோட்டில் நேரம் எழுதினான். ஆறு நிமிசம் பிந்தி வந்திருந்தது. டிரைவர் தானாகவே காரணம் சொல்ல ஆரம்பித்தான். கருத்தப்பாண்டி கேட்டுக்கொள்ளக்கூட இல்லை, "சரி, போ" என்றான். டிரைவர் ஆச்சரியத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

புழுதி அடங்கியதும் கருத்தப்பாண்டி கேட்டான்: "இதை ஏன்லே எங்கிட்டச் சொன்னே?"

"மனசு தாங்கல மச்சான். நேத்து நீ மேடையில அப்படிப் பேசினதும்…"

"நான் இத்தனை வருசமா அந்தப் பள்ளத்தைத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி காலு அரிக்கும், இல்லாத காலு. அந்தப் பள்ளத்தை நாலு வார்த்தை வைவேன். மண்ணுதானே, வஞ்சா அதுக்கு என்ன? வஞ்சுட்டுத் தூங்கிருவேன். இனிமே நான் யாரை வைய? எந்தங்கச்சி புருசனையா? கோமதி அப்பனையா?"

"என்னை வையி மச்சான். கம்பாலே அடி. நான் வாங்கிக்கிடுதேன்."

"உனக்கு அது வேணும், தெரியுது." கருத்தப்பாண்டியின் குரல் ஏறவே இல்லை. "நீ இறக்கி வச்சிட்டே. நான் இதை எங்கன கொண்டு இறக்க?"

அவனிடம் சொல்வதைப் பற்றி உச்சிமாகாளி எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தான். அடிப்பான், காறித் துப்புவான், அல்லது கட்டிக்கொண்டு அழுவான். இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை.

"பேச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். மனசு தாங்கலன்னு அவகிட்டயும் போய்க் கொட்டிராதே." மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். "உன் வண்டிக்கு நேரமாச்சு. ஏறு."

அன்றைக்கு ராத்திரி கருத்தப்பாண்டி சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாகவும், நடக்க முடியவில்லை என்றும் சொல்லியனுப்பினான். ஒரு மாதத்தில் முதலாளியிடம் கேட்டு ராஜபாளையம் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

பேச்சித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் ஏதும் சொல்லிட்டேனா? கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு அன்னைக்குச் சொல்லுச்சு, அதுக்கு நான் வெடுக்குன்னு ஒரு வார்த்தை பேசுனேன். அதைப் போயி மனசுல வச்சுக்கிடுமா?" என்று புலம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் வந்தாள். "நல்லாத்தான் பேசுச்சு. எல்லாத்தையும் சாப்பிட்டுச்சு. ஆனா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கு" என்றாள். தன் மேல்தான் ஏதோ தப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உச்சிமாகாளி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இன்னது என்று சொன்னால் அவள் அழுகை நிற்காது, வேறு அழுகை ஆகும். கருத்தப்பாண்டி சொன்னதை அவன் மீறவில்லை.

அடுத்த சித்திரையில் கோமதித்தாய்க்குக் காது குத்து வைத்தார்கள். குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். "அண்ணன் வரலேன்னா பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்" என்று பேச்சித்தாய் சொல்லிவிட்டாள். முந்தின நாள் முழுக்க உச்சிமாகாளி வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மச்சான் வருவான் என்றும் பயம், வரமாட்டான் என்றும் பயம்.

கருத்தப்பாண்டி காலை முதல் வண்டியிலேயே வந்து இறங்கினான். மருமகளுக்குப் பட்டுப் பாவாடை, கம்மல், மாலை, தேங்காய் பழம், தங்கச்சிக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டு, ஒன்றும் குறையில்லாத தாய்மாமன் சீர். முன்னைக்கு இப்போது இளைத்திருந்தான். உச்சிமாகாளி ரோட்டுக்கு ஓடிப்போய், பையை வாங்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க எதுக்கு எடுக்கீங்க? நல்லா இருக்கீங்களா?" என்றான் கருத்தப்பாண்டி.

நீட்டின கையோடு உச்சிமாகாளி ரோட்டிலேயே நின்றுவிட்டான்.

கோயிலில் மாமன் மடியில் உட்கார்ந்து கோமதித்தாய் வீல் என்று அலறினாள். கருத்தப்பாண்டி அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். ஊசி ஏறியபோது அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "என்னப்பா, மாமனுக்கா காது குத்துதாங்க?" என்று யாரோ கேலி பண்ணினார்கள். பந்தியில் உச்சிமாகாளிதான் அவனுக்குச் சோறு போட்டான். "போதும் மாப்பிள்ளை. நீங்க சாப்பிட்டீங்களா? நேரமாச்சு, நீங்களும் உக்காருங்க" என்றான். ஒரு இடத்திலும் குறை வைக்கவில்லை, ஒரு வார்த்தையும் குரல் உயர்த்திப் பேசவில்லை. சாயங்கால வண்டிக்குப் புறப்படும்போது தங்கச்சியிடமும் மருமகளிடமும் சொல்லிக்கொண்டு, இவன் பக்கம் திரும்பி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். "வாரேங்க மாப்பிள்ளை."

பஸ் போனபிறகு பேச்சித்தாய் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்திருந்தது.

"எனக்கு இப்பத்தான் மனசு ஆறுச்சு" என்றாள். "அண்ணனுக்கு நம்ம மேல ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் உங்களை ஏலே ஓலேன்னு கூப்பிடும், எனக்கே ஒரு மாதிரியா இருக்கும். இன்னைக்கு உங்களுக்கு எம்புட்டு மரியாதை குடுத்துச்சு, பாத்தீங்களா?"

"ஆமா, பாத்தேன்" என்றான் உச்சிமாகாளி.

எச்சில் இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு வெளியே போனான். கொட்டிவிட்டு வர அவ்வளவு நேரம் ஏன் ஆனது என்று அவள் கேட்கவில்லை.